தொட்டிக்குள் ஓர் உப்பளம்

ஜூன் 3, செவ்வாய்.

புதுத் தொட்டியில் விட்ட கோமாளி மீன் நேற்றிலிருந்து இரை எடுக்கவில்லை. மூலையில் ஒதுங்கி வேகவேகமாகச் செவுளை அடிக்கிறது. டார்ச் அடித்துப் பார்த்தேன். உடம்பில் வெள்ளைப் புள்ளி இல்லை, துடுப்பும் கிழியவில்லை. மீன் கடை அண்ணாச்சி தந்த மருந்து மேசையில் இருக்கிறது. என்ன நோய் என்றே தெரியாமல் அதை எப்படி ஊற்றுவது?

தொட்டியைத் துடைக்க வந்த என் மனைவி செல்வி, "விளிம்புல என்ன இது, வெள்ளையாப் படிஞ்சிருக்கு?" என்றாள். தொட்டு நக்கினேன். உப்பு.

அப்போதுதான் உறைத்தது. இந்தக் காற்றுக்குத் தொட்டித் தண்ணீர் குறையக் குறைய, கேனில் கொண்டுவந்த கடல் தண்ணீரையே ஊற்றி நிரப்பியிருக்கிறேன். ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு அங்கேயே நிற்கும். உப்பளத்தில் தினமும் பாத்தி பாத்தியாக மிதவை விட்டு, உப்பு எவ்வளவு ஏறியிருக்கிறது என்றுதானே அளந்து சம்பளம் வாங்குகிறேன். அந்த மிதவையைத் தொட்டியில் விட்டேன். கடல் தண்ணீரில் நிற்பதைவிட உயரமாக எழும்பி நின்றது; உப்பு அவ்வளவு கூடியிருக்கிறது.

ஒரேயடியாக மாற்றினால் மீன் தாங்காது. ஒரு டம்ளர் எடுத்துவிட்டு ஒரு டம்ளர் குடிதண்ணீர், கொஞ்ச நேரம் விட்டு இன்னொன்று.

"உப்பளத்துல நாலு தூத்தல் விழுந்தா மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிடுவிய. இங்கன நீங்களே மழை ஊத்துதிய," என்றாள் செல்வி.

மீன் இன்னும் மூலையை விட்டு வரவில்லை. செவுள் அடிப்பது மட்டும் சற்று நிதானமாகத் தெரிகிறது. அடுத்த மழைக்கு நேரமாகிவிட்டது.