செல்வி ஏற மறுத்த பிக்கப்

ஜூலை 9, புதன்
காலையிலிருந்து தூறல். பிக்கப்பில் பிரேக் மிதித்தால் ஸ்டியரிங் கிடுகிடுவென ஆடுகிறது. முன் சக்கரங்களின் பிரேக் டிஸ்க் இரண்டும் தேய்ந்து வரிவரியாகிவிட்டன. மெக்கானிக் ஊருக்குப் போயிருக்கிறார், திங்கள்தான் வருவார். ஞாயிறு தங்கவயலில் கொழுந்தியாள் வீட்டுக் கிரகப்பிரவேசம். ஆடி பிறந்துவிடும், தள்ளிப்போட முடியாது. பீரோ, கிரைண்டர், என் மனைவி செல்வி, மூன்றையும் நான்தான் கொண்டு சேர்க்க வேண்டும்.

வீட்டிலேயே நானே மாற்றிவிடுகிறேன் என்றேன்.

"நீயா? போன மாசம் கொழா வாஷர் மாத்தன. இன்னும் சொட்டுது. பீரோ வண்டில வரட்டும், நான் பஸ்ல வரேன்."

பீரோ போனால் பரவாயில்லையாம். பதினெட்டு வருஷக் குடித்தனம். வலித்தது.

ஜூலை 10, வியாழன்
வாங்கியவை: டிஸ்க் 2, டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் பேட் 1 செட், பழைய துணி. மறந்தது: வயர் பிரஷ். மறுபடி போனேன்.

வண்டி கேட்டை மறைக்கிறது என்று வீட்டு ஓனர். "எஷ்டு தின ரீ இது?" எத்தனை நாளைக்கு என்கிறார். நாளையே முடிந்துவிடும் என்று கன்னடத்தில் சத்தியம் செய்தேன்.

ஜூலை 11, வெள்ளி
இடது சக்கரம். டிஸ்க்கைப் பிடித்திருந்த ஸ்குரூ துருவேறி ஒட்டிக்கொண்டது. ஒன்றரை மணி நேரம். சுத்தியல் அடி விரலில். கெட்ட வார்த்தை 4, செல்விக்குப் புரியாமலிருக்கக் கன்னடத்தில். அவளுக்கு என்னைவிடக் கன்னடம் நன்றாக வரும் என்பது பிறகுதான் உறைத்தது.

புது டிஸ்க் இரண்டையும் பெட்ரோலால் துடைத்தேன், கம்பெனி தடவிய எண்ணெய் போக. இடது முடிந்தது. மழை வலுத்தது. வலது டிஸ்க் வராண்டாவில்.

ஜூலை 12, சனி
வலதும் மாட்டியாயிற்று. பெடலைப் பல முறை மிதித்து இறுக்கினேன். சோதனை ஓட்டம், எங்கள் தெரு மட்டும், நடை வேகம். பிரேக் அடித்தால் வண்டி இடப்பக்கம் இழுக்கிறது. ஓனரின் துளசி மாடத்துக்கு ஒரு சாண் தள்ளி நின்றது. அவர் வந்து மாடத்தைத் தடவிப் பார்த்தார். திட்டியிருந்தால் தேவலை.

மெக்கானிக்குக்குப் போன், ஸ்பீக்கரில். "வலது பக்கம் புடிக்கல. எண்ணெ கிண்ணெ பட்டுச்சா?" படவே இல்லை என்று அடித்துச் சொன்னேன். செல்வி கீரை ஆய்வதை நிறுத்தினாள்.

"எண்ணெ பட்டா இன்னா ஆகும்?"

"பிரேக் புடிக்காது."

"நல்லெண்ணெ கூடவா?"

காலையில் வராண்டாவில் வலது டிஸ்க்கைப் பார்த்தாளாம். புது இரும்பு, ஓதத்தில் லேசாகச் சிவந்திருந்ததாம். "புது தோசக்கல்ல அப்டியே வுட்டுடுவமா? நல்லா தேச்சு வச்சேன். ரெண்டு பக்கமும்."

கோபப்பட வேண்டும் என்று நினைத்தேன், வரவில்லை. நம்ப மாட்டேன் என்றவள், என் வேலை கெட்டுவிடக் கூடாதே என்று உட்கார்ந்து தேய்த்திருக்கிறாள். உள்ளுக்குள் சந்தோஷம்.

எண்ணெய் குடித்த பேடுகளைத் தூக்கிப்போட்டுப் புது செட். டிஸ்க்கை மூன்று முறை துடைத்தேன். இப்போது நேராக நிற்கிறது. செல்வி தெருவோரம் நின்று பார்த்தாள்.

ஜூலை 13, ஞாயிறு
விடிந்ததும் கிளம்பினோம். பஸ் பேச்சே இல்லை. முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். "மெதுவா போ." நான் பிரேக் மிதிக்கும்போதெல்லாம் அவளும் கீழே மிதித்தாள். ஹொசகோட்டை வரை இரண்டு பேரும் சேர்ந்துதான் ஓட்டினோம்.

கோலாருக்கு முன்னால் ஒரு டிராக்டர் திடீரென்று குறுக்கே வந்தது. முழு பலத்தோடு மிதித்தேன். வண்டி நூல் பிடித்தாற்போல் நின்றது. பின்னால் பீரோ படாரென்றது. பெருமையோடு திரும்பினேன்.

வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள்.