இல்லாத காலின் இங்கிலீஷ் வலி

என் பிடிவாதக்கார மகராசனுக்கு,

ஆஸ்டின் டவுன் வீட்டிலிருந்துதான் எழுதுகிறேன். நீங்கள் கல்லறைக்குப் போன பிறகும் உங்கள் கட்டிலை நகர்த்தவில்லை.

சர்க்கரையால் உங்கள் வலது காலை முட்டிக்குக் கீழே எடுத்தார்களே, அதன் பிறகுதான் உங்களுக்கு இங்கிலீஷே வந்தது. இல்லாத கால் வலிக்கிறது என்றீர்கள். எப்படி வலிக்கிறது என்று டாக்டர் கேட்க, நம் மகள் ஜாஸ்மின் வார்த்தை வார்த்தையாகச் சொல்லிக் கொடுத்தாள். எரிச்சலுக்கு பர்னிங், விண் விண்ணென்று தெறித்தால் த்ராபிங், சுரீரென்று இழுத்தால் ஷூட்டிங்.

வீட்டிலும் அதே பேச்சுதான். "ஏ ரோசி, ஷூட்டிங் ஆரம்பிச்சிடுச்சு, வா" என்பீர்கள். கால் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் போர்வையைப் பிடித்துவிடுவேன். "கொஞ்சம் கீழ... ஆங், அங்கதான்" என்று கண்ணை மூடுவீர்கள். பார்த்தவர்கள் எனக்குப் பைத்தியம் என்றிருப்பார்கள். உங்களுக்கு வலி நின்றதே, எனக்கு அது போதும்.

இப்போது எனக்கு வலிக்கிறது. வலது கால், முட்டிக்குக் கீழே, அதே சுரீர். ஸ்கேனில் ஒன்றுமில்லை. ஜாஸ்மின் என்னை மனசுக்கு ஆலோசனை சொல்லும் ஒரு கவுன்சிலரிடம் கூட்டிப் போனாள். "இது கால் நோவு இல்லம்மா. இங்கிலீஷ்ல லாங்கிங்னு சொல்வாங்க. அவர் மேல ஏக்கம்" என்றார் அந்தம்மா.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏக்கம் எனக்குத் தெரியாதா? அது நெஞ்சுல தனியா இருக்கு. இது ஷூட்டிங்" என்றேன்.

அன்றிலிருந்து ஜாஸ்மின் என்னைத் தனியே விடப் பயப்படுகிறாள். வீட்டைக் காலி செய்துவிட்டு ஒயிட்ஃபீல்டில் தன் வீட்டுக்கு வரச் சொல்கிறாள். கட்டிலை விற்க ஆளும் பார்த்துவிட்டாள், ஞாயிற்றுக்கிழமை வண்டி வருமாம்.

நேற்று மத்தியானம் வீட்டைத் துடைத்துவிட்டு, தரை காய்வதற்குள் படுத்தேன். வலி இழுத்தது. உங்களைப் போலவே போர்வைக்குள் காலை நீட்டினேன். போர்வை மேல் ஒரு கை அழுத்தியது. நான் ஏன் கத்தவில்லை? "கொஞ்சம் கீழ" என்றேன். கை கீழே வந்தது. வலி நின்றுவிட்டது.

எழுந்து பார்த்தேன். கட்டிலோரம் ஈரத்தரையில் பெரிய பாதங்கள் பதிந்திருந்தன. இடதும் இருந்தது, வலதும் இருந்தது.

அங்கே போய்க் கால் முளைத்துவிட்டதா உங்களுக்கு? வலியை மட்டும் என்னிடம் விட்டுவிட்டுப் போனீர்களா?

இருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை வண்டியைத் திருப்பி அனுப்பிவிடுவேன். நான் எங்கும் போகமாட்டேன். தினமும் மத்தியானம் தரையைத் துடைத்து வைக்கிறேன், வாங்க.

உங்கள் வீட்டுக்காரி,
ரோசி