வயிற்றில் ஒன்றுமில்லை என்கிறார்கள், அக்கா

என் மாலா அக்காவுக்கு,

நீ இருந்திருந்தால் முதலில் உன்னிடம்தான் ஓடிவந்திருப்பேன். சில மாதங்களாக நாலு வாய் சாப்பிட்டதுமே வயிறு நிரம்பிக் கல்லாகக் கனக்கிறது. மேல்வயிற்றில் எரிச்சல், ஓயாத ஏப்பம். உனக்கும் இப்படித்தானே தொடங்கியது? வாயு என்று சோடா குடித்துக்கொண்டே இருந்தாய். புற்று என்று தெரிந்தபோது எல்லாம் கைமீறிப் போயிருந்தது.

நோணாங்குப்பத்தில் படகு ஓட்டும்போதுகூட ஒரு கை வயிற்றை அழுத்திக் கட்டியைத் தேடும். பயத்தில் சாப்பாடு குறைந்தது, உடம்பு இளைத்தது. இளைத்ததைப் பார்த்துப் பயம் இன்னும் கூடியது. உன்னைத் தகனம் செய்த கருவடிக்குப்பம் பக்கம் போவதையே விட்டுவிட்டேன்.

என் மனைவி செல்வியிடம்கூடச் சொல்லவில்லை. கண்டுபிடித்தவள் உன் மகள்தான். நீ போனதிலிருந்து திவ்யா எங்களோடுதானே இருக்கிறாள். ஒருநாள் காலை, பாதி இட்லியோடு நான் எழுந்தபோது மறித்தாள்.

"எத்தினி நாளா இப்பிடி, மாமா?"

"ஒண்ணுமில்லம்மா, வாயு."

அவள் முகம் வெளுத்துவிட்டது. "அம்மாவும் இதத்தான் சொன்னாங்க. கெளம்புங்க, ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

தொண்டை வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தார்கள். சதைத் துணுக்கு எடுத்துச் சோதித்தார்கள், ஸ்கேனும் எடுத்தார்கள். முடிவு வந்த அன்று திவ்யாவை வெளியே உட்காரவைத்துவிட்டு நான் மட்டும் டாக்டரம்மாவிடம் போனேன்.

"புண்ணு இல்ல, கட்டி இல்ல, கிருமியும் இல்ல" என்றார்.

"அப்போ நானா கற்பன பண்றேனா, டாக்டர்?"

"இல்ல, வலி நெஜம்தான். உங்க வயித்து நரம்பு கொஞ்சம் சாப்பாட்டக்கூட வலியா எடுத்துக்குது. பயப்படப் பயப்பட அது கூடும்."

அமிலத்தைக் குறைக்க ஒரு மாத்திரை, நரம்பை அமைதிப்படுத்த ஒன்று. கொஞ்சம் கொஞ்சமாகப் பலமுறை சாப்பிடச் சொன்னார். ஆனால் இரண்டாவது மாத்திரையின் பெயரைத் திவ்யா போனில் தேடிப் பார்த்துவிட்டாள். "இது மனசு சரியில்லாதவங்களுக்குக் குடுக்கறதாம். என்கிட்ட எத மறைக்கிறீங்க?" என்று அழுதாள்.

அடுத்த முறை அவளையும் உள்ளே அழைத்துப் போனேன். வயிற்றுக்கும் மூளைக்கும் இடையில் ஓடும் நரம்புகளைப் பற்றி டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். அந்த மாத்திரையைக் குறைந்த அளவில் கொடுத்தால் வயிற்று நரம்பும் அடங்குமாம். திவ்யா கேட்டாள்: "அம்மாவுக்கு வந்தது இவருக்கு வரவே வராதா?"

"அப்பிடி யாருக்கும் என்னால சொல்ல முடியாதும்மா. இப்ப இல்ல, அது உறுதி. எட இன்னும் கொறஞ்சாலோ, சோறு தொண்டையில அடைச்சாலோ, மலம் கறுப்பாப் போனாலோ ஒடனே கூட்டிட்டு வா."

அந்த 'இப்ப இல்ல'வை வைத்துக்கொண்டுதான் வாழ்கிறோம், அக்கா. இளைப்பது நின்றிருக்கிறது. எரிச்சல் பாதியாகியிருக்கிறது. பயம் அவ்வளவு குறையவில்லை. நான் ஏப்பம் விட்டால் அடுத்த அறையில் அவள் பேச்சு நின்றுபோகிறது. உனக்கும் கடைசியில் இவ்வளவு பயம் இருந்ததா? யாரிடம் சொன்னாய்?

எனக்கு நாளை எது வந்தாலும், உன் மகள் அதைக் கடைசியாகத் தெரிந்துகொள்பவளாக இருக்கமாட்டாள். இது சத்தியம்.

உன் கூடப் பிறந்தவன்,
குமார்