பெட்டிக்குள் கிடந்த பெயர்

மைக்கின் பஞ்சு உறையில் உன் தைல வாசம் இன்னும் போகவில்லை. சோப்புத் தண்ணீரில் இரண்டு முறை அலசியாயிற்று. நீயும் அப்படித்தான், லேசில் எதையும் விடமாட்டாய்.

நேற்று அதியமான்கோட்டைக்குப் போயிருந்தேன். பழைய வாத்தியங்கள் சேர்த்து வைத்திருக்கும் அந்தப் பெரியவர் வீட்டுக்குத்தான். கண்ணாடி அலமாரியில் இருந்த ஆர்மோனியத்தைக் காட்டி, "இதுல வேற கையே படலீங்க, செஞ்சு வந்த மாதிரியே இருக்குது" என்று போன வருடம் நாம் வாத்தியக் கதைகளைப் பதியப் போனபோது நம் ரெக்கார்டரில் அவர் பெருமையாகச் சொன்னாரே, ஞாபகம் இருக்கிறதா? மறுவாரமே மொரப்பூரில், ஆர்மோனியம் சரிசெய்பவர் உன் போனில் அதன் படத்தைப் பார்த்துச் சிரித்தார். "கூத்துக்காரங்க வச்சிருந்த பெட்டிங்க இது. உள்ள சத்தம் குடுக்குற ரீடு பூராவும் நான் மாத்துனது. எந்தப் பெட்டியத் தொறந்தாலும் உள்பலகையில பென்சில்ல பேரு எழுதி வச்சுருவேனுங்க. ஆனா நான் சொன்னா யாரு நம்புவாங்க?"

அந்தக் கேள்வி உன்னைத் தூங்க விடவில்லை. பெரியவரிடமே போய் நின்றாய். பெட்டியைத் திறந்து பார்க்கலாமா என்றதும் அவர் முகம் சுண்டிப்போனது. "வூட்டுக்கே வந்து என் பெட்டியக் குத்தம் சொல்றீங்களா?" காபி வராமலே கிளம்பினோம். எனக்கு அவமானம், உன்மேல் கோபம் வேறு. நீயோ பஸ் ஸ்டாப்பில் கடலை தின்றுகொண்டே, "பேரு உள்ளதானடி இருக்குது. எங்க போயிரப் போவுது?" என்றாய். மொரப்பூர்க்காரர் பேச்சைப் பென்டிரைவில் ஏற்றிப் பெரியவர் மேசையில் வைத்துவிட்டு வந்ததையும் அப்போதுதான் சொன்னாய்.

பெட்டி திறக்கும் முன் நீ போய்விட்டாய்.

நேற்று பெரியவரே என்னைக் கூப்பிட்டிருந்தார், மொரப்பூர்க்காரரையும்தான். "அந்தம்மா வச்சுட்டுப் போனத இப்பத்தான் கேட்டேனுங்க" என்றார். நாலு திருகாணி கழன்றது. உள்பலகையில் பென்சில் எழுத்து, கொஞ்சம் மங்கல், ஆனால் மொரப்பூர்க்காரர் பெயரேதான். பெரியவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தார். பிறகு அலமாரி அட்டையில் 'ரீடு மாற்றியவர்' என்று தன் கையாலேயே எழுதிப் பெயரைச் சேர்த்தார். மொரப்பூர்க்காரர் பெட்டியை மூடி ஒரு சுற்று வாசித்துப் பார்த்தார். வாசல் பக்கம் எட்டிப் பார்த்து, "அந்தம்மா வரலீங்களா?" என்றார். நீ இறந்துபோனதை இருவருக்கும் சொன்னேன். அழுகையைவிடப் பெருமைதான் எனக்கு முந்திக்கொண்டு வந்தது.

வீட்டுக்கு வந்து நம் பதிவுகளைப் போட்டுக் கேட்டேன். எல்லாவற்றிலும் உன் முதல் கேள்வி ஒன்றேதான்: "வேலை செஞ்சவங்க பேரச் சொல்லுங்க." எல்லார் பெயரும் இருக்கிறது, உன்னுடையதைத் தவிர. பெரிய கெட்டிக்காரி, இதில் மட்டும் கோட்டை விட்டிருக்கிறாய்.

நாளை பென்னாகரத்தில் தவிலுக்குத் தோல் வார் பிடிப்பவர் ஒருவரைப் பதிய வேண்டும். மைக்கைப் போட்டதும் முதலில் உன் பெயரைச் சொல்வேன். அப்புறம்தான் அவர் பெயரைக் கேட்பேன்.