கண்ணைத் திறந்துகொண்டு ஆடியவள்

தன்தா,
ஞாயிறு, ஹஜ்ஜுப் பெருநாளுக்குப் பத்து நாள் முன்பு

அன்பு மகன் ராஃபத்துக்கு அம்மாவின் ஸலாம். குவைத் வெயிலிலிருந்து அல்லாஹ் உன்னைக் காப்பானாக. நான் சுகம். எவ்வளவு சுகம் என்று தெரிந்தால் உன் மாமாவுக்குத் தூக்கம் போய்விடும், அதனால் அவரிடம் சொல்லாதே. நீ கொடுத்தனுப்பிய மின்விசிறி வந்தது, ஒரு இறக்கை வளைந்திருந்தது, கீழ்வீட்டு மெக்கானிக் தட்டிச் சரி செய்தார். வயிறு எரிகிறது என்று எழுதியிருக்கிறாய், மூன்று வேளையும் டின் மீனைத் தின்றால் எரியாமல் என்ன செய்யும், வெந்தயத்தைக் கொதிக்க வைத்துக் குடி. கடிதத்தின் கடைசியில் "ஜின் புடிச்சிருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லிடும்மா, ஊர் வாயும் அடங்கும், என் கல்யாணமும் நடக்கும்" என்று எழுதியிருக்கிறாயே, அதை நான்கு முறை படித்தேன். கையெழுத்து உன்னுடையது, பேச்சு என் அண்ணன், உன் மாமா மெத்வல்லியுடையது.

அவர் உனக்கு என்னவெல்லாம் எழுதினாரோ தெரியாது, ஆகையால் நடந்ததை நானே சொல்கிறேன். உன் அப்பா போய் இரண்டு வருடம் ஆகிறது. நான்கு வருடம் படுக்கையில் கிடந்தவரைப் புரட்டிப் படுக்க வைத்தவள் நான், அவர் நல்ல மனிதர், அவரைக் குறை சொல்ல மாட்டேன். அவர் போனதும் இந்த ஊர் எனக்கு ஒரு வேலை கொடுத்தது, உட்கார்ந்திருக்கும் வேலை. கல்யாண வீட்டில் சுவரோரம் உட்கார வேண்டும், துக்க வீட்டில் நடுவில் உட்கார வேண்டும். மெத்வல்லியின் மனைவி, உன் மாமி ஃபக்ரிய்யாவுக்குத் துணையாகச் செவ்வாய்க்கிழமை ஸார் என்ற ஜின் ஆட்டக் கூட்டத்துக்குப் போனபோதும் உட்காரத்தான் போனேன். மாமியின் உடம்பில் இருபது வருடமாக ஒரு ஜின் குடியிருப்பது உனக்குத் தெரியும், அதை ஆட வைத்து அமைதிப்படுத்த கூட்டத்தை நடத்தும் ஷேக்கா நர்கீஸ் வீட்டுக்கு வாரம் தவறாமல் போவாள். மகா ரசனையுள்ள ஜின் அது. நகைக்கடைக் கண்ணாடிக்குள் எது புதிதாக வந்திருக்கிறதோ அதைத்தான் கேட்கும். மயங்கி விழும்போதும் மெத்தை எந்தப் பக்கம் என்று ஓரக்கண்ணால் பார்த்துவிட்டுத்தான் விழும்.

நான்காவது செவ்வாய், மத்தியானத் தொழுகை முடிந்து மேளம் தொடங்கியது, நான் எழுந்தேன். யாரும் எழுப்பவில்லை, எதுவும் என் மேல் ஏறவில்லை. செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுப் போய் ஆடினேன் என்றால் எவ்வளவு தெளிவாக இருந்தேன் என்று பார்த்துக்கொள். முதலில் தோள் அசைந்தது, பிறகு இடுப்பு. ரொட்டிப் பலகையும் நீயும் உன் அப்பாவின் பாரமும் மட்டுமே தங்கிய இடுப்பு அது, அதற்கு வேறொன்றும் தெரியும் என்று எனக்கு ஐம்பத்திரண்டு வயதில்தான் தெரிந்தது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது ராஃபத், இதை மகனுக்கு எழுதக் கை கூசவில்லை. குற்றம் ஆடியது இல்லை, அங்கே எல்லோரும் ஆடத்தான் வருகிறார்கள். கண்ணை மூடிக்கொண்டு ஆட வேண்டும், தலையைச் சுழற்ற வேண்டும், அலற வேண்டும், கடைசியில் விழ வேண்டும், விழுந்தால் ஜின் செய்த காரியம், யார் மேலும் பழி இல்லை. நான் கண்ணைத் திறந்துகொண்டு ஆடினேன். சிரித்தேன். மேளம் நின்றதும் வந்து உட்கார்ந்து, சர்க்கரை தூக்கலாக ஒரு டீ கேட்டேன். இருபது பொம்பளைகளும் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, யாரையோ கொன்றுவிட்டு வந்து டீ கேட்டது போல. "விழாம ஆடுனா அது ஆட்டக்காரி ஆட்டம்டி, விதவைக்கு அடுக்குமா?" என்று உன் மாமி வழியெல்லாம் முனகிக்கொண்டே வந்தாள். அடுத்தடுத்த செவ்வாயும் நான் போனேன், ஒரு முறையும் விழவில்லை.

பிறகு உன் மாமா வந்தார். ஒவ்வொரு வருடமும் நம் ஊர் மவ்லிது திருவிழாவில், கொட்டகையில் ஆடுகிறவளைக் கழுத்து வலிக்க நின்று பார்த்துவிட்டு, கொண்டைக்கடலை வாங்கப் போனேன் என்று சொல்கிற மனிதர், அவர் வந்து எனக்கு மானத்தைப் பற்றி ஒரு மணி நேரம் பாடம் நடத்தினார். "இன்ஸாஃப், நீ என் கூடப் பொறந்தவ. சொந்த புத்தியோட ஆடுனேன்னு சொன்னா என் பொண்ண உன் வீட்டுக்கு எப்படிம்மா அனுப்புவேன்? ஜின்னுன்னு சொல்லு, நானே ஆடு வாங்கித் தரேன், சமாதானச் சடங்கு பண்ணிடலாம்" என்றார். அவருக்கு மனசு எவ்வளவு விசாலம் பார். தங்கையின் உடம்புக்குள் முன்பின் தெரியாத ஒரு ஆம்பளை ஜின் வந்து குடியிருக்கலாம், அதற்கு ஆடு வெட்டி விருந்தும் வைப்பார். அந்த உடம்புக்குள் தங்கையே இருந்தால்தான் அவருக்கு அவமானம்.

ஆனாலும் அந்தச் சடங்குக்கு நான் போனேன். உன் கடிதம் வந்த மறுநாள், உனக்காகப் பொய் சொல்வது என்று முடிவு செய்துகொண்டுதான் போனேன். மாமா மகள் ராவியாவை உனக்குச் சின்ன வயதிலிருந்தே பிடிக்கும் என்று எனக்குத் தெரியாதா. வெள்ளை அங்கியைப் போட்டு என்னை நாற்காலியில் உட்கார வைத்தார்கள், சாம்பிராணிப் புகையில் கண்ணெல்லாம் எரிந்தது, வாசலுக்கு வெளியே உன் மாமா ஆட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். சடங்கில் ஷேக்கா ஜின்னைப் பார்த்துப் பெயர் கேட்பாள், நோயாளியின் வாயால் ஜின் பதில் சொல்ல வேண்டும். சிவப்புத் தொப்பி போட்ட, 'பே' என்று பட்டம் கொண்ட துருக்கி அதிகாரி ஜின் ஒருவனை எனக்கென்று மாமி தேர்ந்தெடுத்து வைத்திருந்தாள், உல்லாசப் பேர்வழியாம், ஆட்டத்துக்குப் பொருத்தமாம். "யாரு வந்திருக்கீங்க, பேரைச் சொல்லுங்க" என்று நர்கீஸ் கேட்டாள். "பேன்னு சொல்லு, துருக்கி பேன்னு சொல்லித் தொலையேன்" என்று மாமி என் காதைக் கடித்தாள். வாயைத் திறந்தேன். அப்போதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தத் துருக்கிக்காரன் ஒரு நாளாவது ரொட்டி சுட்டானா, உன் அப்பாவுக்குப் படுக்கைப் புண்ணைத் துடைத்தானா? என் வாழ்நாளில் எனக்கே எனக்கென்று கிடைத்த ஒரே சந்தோஷத்தை எதற்கு அவன் பெயரில் எழுதிக் கொடுக்க வேண்டும்?

"இன்ஸாஃப். பையூமி மக இன்ஸாஃப். ரயில்வே கேட் பக்கத்துல ரெண்டாம் மாடி" என்றேன். நர்கீஸ் பழக்கதோஷத்தில் அடுத்த கேள்வியையும் கேட்டுவிட்டாள், என்ன வேணும் உங்களுக்கு என்று. "மேளத்த நிறுத்தாதீங்க, அது போதும்" என்றேன். மாமி அலறினாள், அவசரத்தில் மெத்தையைப் பார்க்க மறந்து வெறும் தரையில் விழுந்தாள், இருபது வருடத்தில் அதுதான் அவள் நிஜமாக விழுந்தது. உன் மாமா வெளியிலிருந்தபடியே நிச்சயம் முறிந்தது என்று கத்திவிட்டு ஆட்டை இழுத்துக்கொண்டு போனார். அந்தக் கூட்டத்தில் மானத்தோடு வீடு திரும்பியது அந்த ஆடு ஒன்றுதான். நர்கீஸ் கெட்டிக்காரி, "இத இறக்க என்னால ஆகாது, இது பொறந்தப்பவே வந்தது" என்று சொல்லி மேளக்காரிகளுக்குத் தலையை அசைத்தாள். நான் வெள்ளை அங்கியோடு ஆடினேன்.

கல்யாணத்தைக் கெடுத்துவிட்டேனே என்று மூன்று நாள் சாப்பாடு இறங்கவில்லை, அதையும் மறைக்கப் போவதில்லை. நேற்று ராவியா வந்தாள், அப்பாவுக்குத் தெரியாமல்தான். சண்டைக்கு வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். "அப்பா முறிச்சது இருக்கட்டும் அத்தை, நான் இன்னும் முறிக்கல. அத்தான் அடுத்த கடிதத்துல என்ன எழுதுறார்னு பாக்கணும். பெத்தவளையே ஜின்னுன்னு சொல்லச் சொல்றவரு, நாளைக்கு என்னை என்னன்னு சொல்லச் சொல்வாரு?" என்று கேட்டாள். பதிலை நீதான் சொல்ல வேண்டும். உனக்குத் தெரிந்தால் அவளுக்கே எழுது, மாமா வழியாக வேண்டாம்.

அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளும் நல்ல வயிறும் அதைவிட நல்ல புத்தியும் தரட்டும். வெந்தயத்தை மறக்காதே. இன்னொன்று, இனிமேல் கவரின் மேல் ராஃபத்தின் தாயார், மெத்வல்லி கடை மேற்பார்வை என்று எழுதாதே. பெற்றவள் பெயர் தபால்காரருக்குத் தெரிந்தால் மகனுக்கு வெட்கம் என்று நீங்கள் எல்லோரும் வைத்திருக்கும் வழக்கம் எனக்கும் தெரியும். வெட்கமாக இருந்தால் கடிதமே போட வேண்டாம். போடுவதாக இருந்தால் கீழே இருக்கும் பெயருக்குப் போடு.

இப்படிக்கு உன் அம்மா,
இன்ஸாஃப் பையூமி