விளக்கெரிந்ததால் நீ வந்திருந்த மூன்று நாள்

உலு திராம்,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் லோஷினிக்கு,

அப்பா எழுதுகிறேன். நான் நலம், என் சர்க்கரையும் இரத்த அழுத்தமும்கூட நலம், இரண்டும் நன்றாக வளர்ந்து வருகின்றன. டப்ளின் குளிரில் நீ நலமாக இருக்க வேண்டும் என்று தினமும் அம்மாவின் படத்துக்கு முன் சொல்லிவிட்டுத்தான் காப்பி குடிக்கிறேன். அவளுடைய தலைத்திவசம் அடுத்த மாதம் பதினெட்டாம் தேதி என்று குருக்கள் குறித்துக் கொடுத்ததை உனக்கு இருமுறை அனுப்பினேன், நீ வருகிறாயா என்று இன்னும் தெரியவில்லை. அதைக் கேட்கத்தான் எழுதுகிறேன், ஆனால் அதற்குமுன் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. தொலைபேசியில் வீடியோவில் பேசினால் நீ என் முகத்தைப் பார்த்துவிடுவாய்.

எல்லாம் நான் சேர்த்துவரும் பழைய அலங்கார விளக்குகளால் வந்தது, அவை இப்போது பதினொன்று. அம்மா இருந்தவரை ஒன்றுக்குத்தான் அனுமதி, அதுவும் சாமான் அறையில். எங்கள் கல்யாணத்துக்கு யாரோ கொடுத்த பீங்கான் அன்னம், வயிற்றில் பல்பு எரியும். அவள் போன மறுமாதம் அதன் வயரை மாற்றி எரியவைத்தேன், அன்னத்துக்கு ஒரு துணை வேண்டும் என்று பட்டது, அதன் பிறகு நிற்கவில்லை. தெப்ராவ் பக்கம் ஜப்பானிலிருந்து பழைய சாமான் இறக்கும் கடை ஒன்று இருக்கிறது. அங்கே அன்னாசிப்பழ விளக்கு வாங்கினேன், கடற்கன்னி வாங்கினேன், நுனி மட்டும் நிறம் மாறும் ஒரு பிளாஸ்டிக் பூங்கொத்தும் வாங்கினேன். எல்லாம் யாரோ ஆசையாக வாங்கி, அவர்களுடைய பிள்ளைகள் வெட்கப்பட்டு வெளியே போட்டவை. கடைசியாக வந்தது மழை விளக்கு. கூண்டுக்குள் உடை விஷயத்தில் அக்கறையில்லாத ஒரு கிரேக்கப் பெண் நிற்பாள், சுற்றிலும் தூண்டில் நரம்புகளில் எண்ணெய் சொட்டுச் சொட்டாக இறங்கி மழைபோலத் தெரியும். அடைத்திருந்த துளைகளை அம்மாவின் தையல் ஊசியால் குத்தித் திறந்தேன், நரம்புகளைப் புதிதாகக் கட்டினேன், எந்த எண்ணெய் என்று தெரியாமல் நல்லெண்ணெயை ஊற்றிவிட்டேன். அது இறுகி மோட்டார் முனக, அந்தப் பெண் வெள்ளிக்கிழமை எண்ணெய் முழுக்குக்கு உட்கார்ந்தவளைப்போல் ஆகிவிட்டாள். எல்லாவற்றையும் துடைத்தெடுக்க ஒரு வாரம் ஆனது. எனக்கு வேறு வேலை இல்லை என்பதால் அது நல்ல வாரம்.

பதினொன்றுக்கும் டைமர் வைத்திருக்கிறேன், மாலை ஏழுக்குத் தானாக எரியும். நூலகத்திலிருந்து திரும்பும்போது வீடு இருட்டாக இருப்பது எனக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். கூடத்தில் இடம் போதாமல் சென்ற புதன்கிழமை கடற்கன்னியை உன் அறைக்கு மாற்றினேன். ஏழேகாலுக்கு எதிர்வீட்டு வெள்ளையம்மா கோழிக் குழம்போடு வாசலில் நிற்கிறாள். லோஷினி வந்துட்டாளா அண்ணே, அவ ரூம்புல லைட்டு எரியுதே, அம்மா திதிக்கு முன்கூட்டியே வந்துட்டா பாருங்க, புள்ளைன்னா இதுல்லா புள்ளை என்றாள். முப்பத்தோரு ஆண்டு நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளனாக இருந்து, பிறர் சொன்ன பொய்களை மூன்று மொழியில் பிசகாமல் சொன்னவன் நான். இல்லை என்று ஒரு சொல் சொன்னால் போதும். பயணக் களைப்பு, தூங்குகிறாள் என்றேன்.

மறுநாள் அவள் கணவர் மணியம் ஒரு பை ரம்புத்தானோடு வந்தார், நம்ம புள்ளைக்கு அங்க இதெல்லாம் எங்கங்க கிடைக்கும் என்று கேட்டுக்கொண்டே எட்டிப் பார்த்தார், நீ கெலாங் பாத்தாவுக்கு ஒரு தோழியைப் பார்க்கப் போயிருந்தாய். மூன்றாம் நாள் இடியப்பமும் சொதியும் வந்தன, நீ குளித்துக்கொண்டிருந்தாய். நீ நன்றாகச் சாப்பிடுகிறாய் என்று தெருவில் நல்ல பெயர். உனக்கும் ஒரு தட்டு வைத்துத்தான் சாப்பிட்டேன், பொய்க்கு ஒரு சாட்சியாவது வேண்டுமே.

நேற்று பாத்திரங்களைக் கழுவி எடுத்துக்கொண்டு போய் வெள்ளையம்மாவிடம் உண்மையைச் சொன்னேன். தெரியும்ணே, மொத நாளே தெரியும், வாசல்ல உங்க சிலிப்பர் மட்டுந்தானே கெடக்கு என்றாள். அப்படியானால் ஏன் மூன்று நாள் சாப்பாடு அனுப்பினாய் என்று கேட்டேன். அக்கா போனதிலேருந்து நீங்க வாசல்ல நின்னு அஞ்சு நிமிசம் பேசி நான் பாக்கல, மக வந்திருக்கான்னு சொல்றப்பதான் நல்லா பேசுனீங்க, பேசட்டும்னு விட்டுட்டேன் என்றாள். உள்ளேயிருந்து மணியம், அலமாக், ஐயையோ, அப்ப அந்த ரம்புத்தான் அவ்வளவையும் சர்க்கரைக்காரரே தின்னுட்டாரா என்று கத்தினார். அவரிடம் அவள் சொல்லியிருக்கவில்லை. அதனால் நீ வந்திருப்பதாக அவர் ஏற்கெனவே தெரு முழுக்கச் சொல்லிவிட்டார், உன் பள்ளித் தோழி பிரவீனாவுக்கும் எட்டியிருக்கும், எப்போது வந்தாய் என்று கேட்டு எழுதினால் பயப்படாதே, காரணம் இதுதான்.

இனிக் கேட்க வந்ததைக் கேட்கிறேன். திவசத்துக்கு வா, லோஷினி. இதுவரை இந்த வார்த்தையை நான் சொன்னதில்லை. வேலையைப் பார், விடுப்பை வீணாக்காதே, எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை என்றுதான் ஒவ்வொரு முறையும் சொல்லியிருக்கிறேன். நன்றாகவே சொல்லியிருக்கிறேன் போலிருக்கிறது, நீ நம்பிவிட்டாய். வெள்ளையம்மாவிடம் சொன்னது இரண்டாவது பொய், முதலாவது அதுதான். வர முடியாது என்றால் முடியாது என்றே எழுது, கோபப்பட மாட்டேன், ஆனால் நான் கேட்கவில்லை என்பதால் நீ வராமல் இருந்துவிடக் கூடாது.

உடம்பைப் பார்த்துக்கொள், நின்றபடியே சாப்பிடாதே. அம்மாவின் ஆசியும் என் ஆசியும் எப்போதும் உன்னோடு. உன் கடப்பிதழ் ஜனவரியில் முடிகிறது, ஆறு மாதத்துக்குக் குறைவாக இருந்தால் சில விமான நிறுவனங்களில் ஏற்றமாட்டார்களாம், இன்றைக்கே எடுத்துப் பார்.

காத்திருக்கும் அப்பா,
கமலநாதன்