இறங்கிவிட்டதாகச் சொன்ன விமானம்

2081 ஜனவரி 14, காலை 8:10
சரக்கு விமானம் எம்-17. எழுதுறது மெக்கானிக் சுடலைமுத்து. உள்ளே ரெண்டே பேர்: நான், கேப்டன் எஸ்தர் மேடம். மலை முகாமுக்கு மருந்தும் உருளைக்கிழங்கும் கொண்டுபோறோம். எஞ்சின் சூடு சரி, எரிபொருள் சரி. வழியில வர்ற வெண்கொம்புக் கணவாய்க்குள்ள ரேடியோ எடுக்காது. பத்து நிமிஷம் பேசலைன்னா தரைக் கட்டுப்பாட்டு இயந்திரம் நச்சரிச்சே கொன்னுடும். அதனால நுழையுமுன்னாலேயே மேடம் "பத்திரமாக இறங்கிவிட்டோம்"னு அறிக்கை கொடுத்துட்டாங்க. இந்தத் தடத்துல எல்லாரும் செய்றதுதான்.

காலை 8:52
விழுந்துட்டோம். இறக்கையில பனி உறைஞ்சுது, மேலேயிருந்து காற்று அமுக்குச்சு, சரிவுல மோதிட்டோம். எனக்கு இடது கால் முறிவு. மேடத்துக்கு நெஞ்சுல பலத்த அடி. மூச்சு இருக்கு, நினைவு இல்லை.
யாரும் தேடி வரமாட்டாங்க. நாங்கதான் பத்திரமா இறங்கிட்டோமே!

காலை 11:35
வால்பக்க ஆன்டெனாவைக் கழற்றி, தவழ்ந்தே போய்ப் பாறை உச்சியில கட்டினேன். விமானம் வரைக்கும் ஒயர் இழுத்தேன். சிக்னல் கிடைச்சுது. தரைக் கட்டுப்பாட்டு இயந்திரத்தோட பதில்:
"எம்-17 இறங்கியதாகக் கேப்டனின் குரலில் அறிக்கை உள்ளது. அதை அவர் குரலால் மட்டுமே திரும்பப் பெற முடியும்."
மனுஷங்க யாரையாவது கூப்பிடுன்னேன்.
"மனிதர்கள் எவரும் பணியில் இல்லை."
நாசமாப் போக! வாய் வலிக்கத் திட்டினேன், அப்புறம் கெஞ்சினேன். ஒண்ணும் நடக்கலை.

மதியம் 2:15
மைனஸ் 22. சரக்குல இருந்த மருந்துப் பெட்டியை உடைச்சு மேடத்துக்கு ஊசி போட்டேன். என் கோட்டையும் அவங்களுக்கே போர்த்திட்டேன். கன்னத்தைத் தட்டிக்கிட்டே இருக்கேன். விழுந்துட்டோம்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க மேடம். எனக்குச் சாக இஷ்டமில்லை. விரல் மரத்துப்போச்சு.

மாலை 4:40
கண் முழிச்சுட்டாங்க! மைக்கை அவங்க வாய்கிட்ட பிடிச்சேன். இயந்திரம் கேட்டுது:
"கேப்டன் எஸ்தர், எம்-17 நிலை என்ன?"
அவங்க என்னைப் பார்க்கலை. உடைஞ்ச கண்ணாடிக்கு அந்தப்பக்கம் பார்த்தாங்க. எங்கே இருக்கோம்னே தெரியலை அவங்களுக்கு. இருபத்தாறு வருஷப் பழக்கம், குரல்ல நடுக்கமே இல்லை.
"எல்லாம் சரியா இருக்கு. நன்றி."
ஐயோ மேடம், இல்லைன்னு கத்தினேன்.
"குரல் பொருந்தியது. நன்றி, கேப்டன். புகார் தவறு என உறுதியானது. இந்தச் சேனல் மூடப்படுகிறது."

மாலை 5:05
மேடம் போயிட்டாங்க. சேனல் திறக்கலை. கோட்டைத் திரும்ப எடுத்துக்க மனசு வரலை.
இதைப் படிக்கிறவங்க அவங்களைக் குறை சொல்லாதீங்க. மேகம் சரியில்லை, இன்னைக்கு அறிக்கையை முன்கூட்டிக் கொடுக்க வேண்டாம்னுதான் காலையில சொன்னாங்க. நான் அதை மேலே எழுதலை. தினமும் போற வழிதானே, சும்மா கொடுங்க மேடம்னு சொன்னது நான்.